உஸ்தாத் உறவு பயத்தில் பிறந்ததில்லை

"உஸ்தாத் அடிச்சு அடிச்சு உருவாக்குனாரு, அதான் இன்னிக்கும் அவரை மறக்கல" என்று முன்னாள் படைவீரர்கள் பலர் எழுதுகிறார்கள். ராணுவத்தில் சேர்ந்ததும் தங்களுக்கு டிரில் பழக்கிய பயிற்சியாளரைத்தான் உஸ்தாத் என்கிறார்கள். இதை என்னால் ஏற்க முடியவில்லை. கை நீட்டிய உஸ்தாதின் பெயரை ஞாபகம் வைத்திருப்பார்கள், உண்மைதான். ஆனால் முப்பது வருடம் கழித்து மகள் கல்யாணப் பத்திரிகையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிப் போவது வேறு ஒரு உஸ்தாதின் வீட்டுக்கு. தன்னை உற்றுக் கவனித்தவரின் வீட்டுக்கு.

நீலகிரியில், வெலிங்டனில் இருக்கும் மெட்ராஸ் ரெஜிமெண்டின் பயிற்சி மையமான மெட்ராஸ் ரெஜிமெண்டல் சென்டரை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாடு, கேரளம், ஆந்திரம், தெலங்கானா, கர்நாடகம் என்று ஐந்து மாநிலப் பையன்கள் ஒரே ஸ்குவாடில் (பயிற்சிக் குழுவில்) நிற்பார்கள். வேர்ட் ஆஃப் கமாண்ட், அதாவது டிரில் கட்டளைகள், முழுக்க இந்தி. சாவ்தான் (விறைத்து நில்), விஷ்ராம் (தளர்ந்து நில்), தேஸ் சல் (வேகமாக நட), தம் (நில்). பாதிப் பேருக்கு முதல் வாரம் ஒன்றுமே விளங்காது, பக்கத்து ஆளைப் பார்த்துச் செய்வார்கள். அதனால் அரை நொடி பிந்தும். கண் பக்கவாட்டில் போகிறதா, கால் பிந்துகிறதா என்று பார்த்தே எவனுக்குச் சொல் புரியவில்லை என்று நல்ல உஸ்தாத் கண்டுபிடித்துவிடுவார். அவனைச் சாயங்காலம் பாரக்கில் உட்காரவைத்து அவன் மொழியிலேயே சொல்லிக்கொடுப்பார்.

சாவ்தானில் குதிகால் இரண்டும் ஒட்டியிருக்க வேண்டும், பாதங்களுக்கு நடுவே 30 டிகிரி, கட்டைவிரல் பேண்ட் தையலோடு ஒட்டி நிற்க வேண்டும். தேஸ் சல் என்றால் ஒரு எட்டு 30 அங்குலம், நிமிடத்துக்கு 120 எட்டு. குள்ளமானவன் எட்டிப் போடப் போய் உடம்பு முன்னால் சாயும். நெட்டையன் சுருக்கிப் போடப் போய் முழங்கால் மடங்கும். இரண்டும் வேறு வேறு தப்பு, திருத்தும் விதமும் வேறு. இன்னும் சிலருக்கு வலது காலோடு வலது கையே போகும். திட்டத் திட்ட அது மோசமாகும், ஏனென்றால் அவன் கையைப் பற்றியே யோசிக்க ஆரம்பித்துவிடுகிறான். விவரம் தெரிந்த உஸ்தாத் அவனைத் தனியே கூட்டிப்போய், கை வீசாமல் சும்மா நடக்கவிட்டு, பேச்சுக் கொடுத்துக்கொண்டே வருவார். கை தானாகச் சரியாகும். அப்புறம்தான் ஸ்குவாடில் சேர்ப்பார்.

பயிற்சி முடிவில் நடக்கும் பாஸிங் அவுட் அணிவகுப்பு ரிகர்சலில் மயங்கி விழுவதும் இப்படித்தான். முழங்காலை இறுக்கிப் பூட்டிக்கொண்டு அசையாமல் நின்றால் ரத்தம் காலிலேயே தங்கிவிடும், தலைக்கு ஏறுவது குறையும். பூட்ஸுக்குள் விரல்களை மடக்கி நீட்டு, எடையைக் கொஞ்சம் முன்பாதத்துக்குக் கொண்டுவா, வெறும் வயிற்றோடு கிரவுண்டுக்கு வராதே. இந்த மூன்றையும் சொல்லிக்கொடுத்த உஸ்தாதின் ஸ்குவாடில் ஆள் விழுவது அபூர்வம். ராத்திரி கட்டில் கட்டிலாகப் போய் குதிகால் கொப்புளம் பார்ப்பவரும் இவர்தான். ரகடா (தண்டனையாகக் கொடுக்கும் கடும் உடற்பயிற்சி) கொடுக்காதவர் என்று சொல்லவில்லை. கொடுப்பார், ஆனால் எவன் உடம்பு எவ்வளவு தாங்கும் என்று தெரிந்து கொடுப்பார்.

பத்தொன்பது வயதில், ஊரை விட்டு முதல்முறை வந்த இடத்தில், தன் நடையைக்கூட இவ்வளவு கூர்ந்து பார்க்கும் ஒருவர் கிடைத்தால் அந்த உறவு சாகிறவரைக்கும் இருக்கும். பிற்பாடு ரேங்க் மாறிப்போகும். உஸ்தாத் ஹவில்தாராகவே பென்ஷன் வந்திருப்பார், பையன் அதைவிட மேல் ரேங்கான சுபேதார் ஆகியிருப்பான். ஊர்த் திருவிழாவில் பார்த்தால் சுபேதார்தான் முதலில் விறைத்து நின்று "ஜெய் ஹிந்த் உஸ்தாத்" என்பார்.

இந்தப் பாசம் வருடத்துக்கு ஒரு சந்திப்பு, பிரியாணி, குரூப் போட்டோவோடு நின்றுவிடுவதில்தான் எனக்கு வருத்தம். செய்ய வேண்டிய வேலை நிறைய இருக்கிறது.

முதலாவது, ராணுவ ஆவணத்தில் இருக்கும் மனைவி பெயர். கல்யாணம் ஆனதும் யூனிட்டில் பார்ட் டூ ஆர்டர் (குடும்ப விவரத்தை ராணுவ ஆவணத்தில் பதியும் ஆணை) போட்டிருக்க வேண்டும். போடாமல் விட்டவர்கள் உண்டு. போட்டும் எழுத்து மாறியவர்கள் அதைவிட அதிகம். ஓய்வின்போது கொடுக்கும் டிஸ்சார்ஜ் புக்கில் லட்சுமி, ஆதாரில் மகாலட்சுமி. கணவர் இருக்கும்வரை யாரும் இதைக் கவனிக்க மாட்டார்கள். போன பிறகு குடும்ப ஓய்வூதியம் கேட்டு அந்த அம்மா நிற்கும்போதுதான் "ரெக்கார்டில் பெயர் வேறு" என்று பதில் வரும். ஆள் உயிரோடு இருக்கும்போது அவரே ஆதார், திருமணச் சான்று, பிரமாணப் பத்திரம் வைத்து ராணுவ ஓய்வூதிய இணையதளமான ஸ்பர்ஷ் வழியாகவோ ரெக்கார்ட் ஆபீஸுக்கு நேராகவோ திருத்தம் கேட்பது எவ்வளவோ சுலபம். அதனால் பேட்ச் வாட்ஸ்அப் குரூப் வைத்திருப்பவர்கள் முதலில் எல்லாரையும் பிபிஓவை (ஓய்வூதிய ஆணையை) எடுத்து, மனைவி பெயரையும் பிறந்த தேதியையும் ஆதாரோடு எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பிபிஓ எண்ணைக் குரூப்பில் போட வேண்டாம். நம்பிக்கையான இரண்டு பேரிடம் மட்டும் இருக்கட்டும்.

உஸ்தாதுக்குத்தான் இது மிக அவசரம், அவர்தான் வயதில் மூத்தவர். வருடாந்திர உயிர்ச்சான்று விட்டுப்போனால் பென்ஷன் நின்றுவிடும். ஸ்பர்ஷ் ஓடிபி எப்போதோ தூக்கிப்போட்ட பழைய நம்பருக்குப் போய்க்கொண்டிருக்கும். அடுத்த முறை சால்வையோடு போகிறவர் ஒரு அரைமணி நேரம் உட்கார்ந்து கைபேசி எண்ணையும் வங்கிக் கணக்கையும் ஈசிஎச்எஸ் (முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம்) அட்டையையும் சரிபார்த்துவிட்டு வரலாம். நெஞ்சுவலி போன்ற அவசரம் என்றால் ரெஃபரல் இல்லாமலே மருத்துவமனைக்குப் போகலாம், 48 மணி நேரத்துக்குள் ஈசிஎச்எஸ் பாலிகிளினிக்குக்குத் தகவல் போக வேண்டும் என்பதை அவர் வீட்டு அம்மாவுக்கும் பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள். அவருக்கு மட்டும் தெரிந்திருந்தால், விழுந்து கிடப்பவரே அவர் என்றால் என்ன பயன்? வருடக்கணக்கில் சிமெண்ட் தரையில் ஓங்கி மிதித்த முழங்கால் அது, வலியை வாய் திறந்து சொல்லவும் மாட்டார்.

உஸ்தாத்கள் பக்கமும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. 2023 தொடக்கத்தில் ராணுவப் பயிற்சிக்கு வந்த முதல் அக்னிவீரர்களுக்கு (நான்கு வருடப் பணிக்கு மட்டும் எடுக்கப்படும் வீரர்கள்) நான்கு வருடம் முடியும்போது அதிகபட்சம் 25 சதவீதம் பேரைத்தான் நிரந்தரமாக எடுப்பார்கள். மற்றவர்கள் சேவா நிதி என்ற மொத்தத் தொகையோடு ஊர் திரும்புவார்கள். பென்ஷன் இல்லை, ஈசிஎச்எஸ் இல்லை. பழைய பேட்சுகளுக்கு இருந்த முன்னாள் படைவீரர் அலுவலகமும் சங்கமும் இவர்களுக்கு அதே அளவில் கைகொடுக்காது. இருபதுகளிலேயே வெளியே வரும் இந்தப் பையன்களுக்குத் தெரிந்த ஒரே பெரிய மனிதர் பயிற்சி கொடுத்த உஸ்தாதாகத்தான் இருப்பார். அவர்களுடைய உஸ்தாத்களில் பலர் இன்னும் சர்வீஸில் இருக்கிறார்கள். ஏற்கெனவே ஓய்வு பெற்றவர்கள் தங்கள் மாவட்டத்துக்குத் திரும்பும் பையன்களை ஏற்றுக்கொள்ளலாம்: எந்த வேலைக்கு எந்தச் சான்றிதழ் வேண்டும், காவலர் தேர்வு எப்போது, செக்யூரிட்டி கம்பெனியில் கையெழுத்துப் போடும் முன் பிஎஃப் பிடிக்கிறார்களா என்று பார்த்தாயா, சேவா நிதியை மொத்தமாக மச்சானின் தொழிலில் போட்டுவிடாதே. இதையெல்லாம் அப்பா சொன்னால்கூடக் கேட்காதவன் உஸ்தாத் சொன்னால் கேட்பான்.

ஒரு எச்சரிக்கை. இன்னும் சர்வீஸில் இருக்கும் பையன்கள் குரூப்பில் இருந்தால் "எங்கப்பா இருக்கே, எப்போ மூவ்" என்று ஆசையாகக் கூடக் கேட்காதீர்கள். யூனிட், இடம், சீருடைப் படம் எதுவும் அங்கே வேண்டாம். லீவில் வரும்போது நேரில் பேசிக்கொள்ளலாம்.