"மழைக்கு நிறம் மாறிய பூச்சி" என்று எழுதும் முன்

மழை விட்டதும் எடுத்த படத்துக்குக் கீழே "வண்ணத்துப்பூச்சி சூழலுக்கேற்ப நிறம் மாற்றிக்கொண்டது" என்று எழுதும் பழக்கத்தை நாம் விட்டுவிடலாம். கூட்டை விட்டு வெளியே வந்த பூச்சி எதையும் மாற்றிக்கொள்வதில்லை. சிறகைத் தொட்டால் விரலில் ஒட்டும் பொடியில் ஒவ்வொரு துகளும் ஒரு செதில். ஒரே ஒரு செல் செய்து வைத்தது. ஒரு செதிலுக்குப் பொதுவாக ஒரு நிறம்தான். அது கூட்டுக்குள்ளேயே முடிவாகிவிடும். பிறகு உதிரலாம், வெளிறலாம், அவ்வளவுதான்.

இதில் உயிரினங்களுக்கு அறிவியல் பெயர் வைக்கும் முறையை வகுத்த லின்னேயஸே சறுக்கியிருக்கிறார். ஐரோப்பாவில் வசந்தத்தில் ஆரஞ்சு நிறத்தில் பறப்பதற்கு லெவானா என்றும், கோடையில் கறுப்பில் வெள்ளைப் பட்டையோடு வருவதற்குப் புரோர்சா என்றும் 1758-ல் இரண்டு இனங்களாகப் பெயர் வைத்தார். இரண்டும் ஒரே பூச்சி. புழுவாக இருக்கும்போது பகல் நீளமாக இருந்தால் கூட்டுப்புழு நேரே வளரும், எக்டைசோன் ஹார்மோன் சீக்கிரம் சுரக்கும், புரோர்சா வரும். பகல் குறுகினால் கூட்டுப்புழு குளிர்காலம் முழுக்க உறங்கும், ஹார்மோன் தாமதமாகும், லெவானா வரும். உறங்கவிருந்த கூட்டுப்புழுவுக்கு முதல் சில நாட்களிலேயே அந்த ஹார்மோனை ஊசியில் ஏற்றினால் கோடை வேஷம் வெளிவரும்; நாள் கடத்தி ஏற்றினால் வசந்த வேஷமே. மரபணுவும் மருந்தும் அதேதான், நேரம் மட்டும் வேறு.

சிறகில் கண் போலத் தெரியும் வட்டப் புள்ளிக்கும் (கண் புள்ளி) இப்படி ஒரு கெடு உண்டு. அமெரிக்காவின் 'பக்கை' (buckeye) வண்ணத்துப்பூச்சியின் புதிய கூட்டுப்புழுவில், கண் புள்ளியின் நடுவாக வரவேண்டிய செல்களை நுண்ணிய சூட்டு ஊசியால் சுட்டார் ஆய்வாளர் நைஹவுட் (1980). கண் சிறுத்தது, அல்லது வரவே இல்லை. அதே செல்களை வெட்டி வேறிடத்தில் ஒட்டினால் அங்கே வளையம் எழுந்தது. நடுவிலிருந்து கிளம்பும் சமிக்ஞைதான் சுற்றியுள்ள செல்களுக்கு நிறம் சொல்கிறது. சூட்டைத் தாமதித்தால் பலனில்லை, சேதி அதற்குள் போய்ச் சேர்ந்திருக்கும். ஒரு எச்சரிக்கை: ஆப்பிரிக்க வண்ணத்துப்பூச்சியான பைசைக்ளஸ் அனைனானாவில் கண் இல்லாத இடத்தைச் சுட்டாலும் போலி வளையம் வரும். வேறிடத்தில் சுட்ட கூட்டுப்புழுவையும் வைத்து ஒப்பிடாவிட்டால் முடிவு தப்பாகிவிடும்.

பருவக் கதையை ஆய்வகத்தில் தெளிவாகக் காட்டுவதும் இந்தப் பைசைக்ளஸ்தான். புழுவை 27 டிகிரியில் வளர்த்தால் சிறகின் அடிப்பக்கத்தில் பெரிய கண்கள். 17 டிகிரியில் வளர்த்தால் காய்ந்த இலை மாதிரி, கண்கள் சுருங்கிப்போய். அது வாழும் ஆப்பிரிக்க நாடான மலாவியில் வறட்சியோடு குளிர்ச்சியும் சேர்ந்து வருவதால் வெப்பநிலையே அதற்குப் பஞ்சாங்கம். தின்பதை நிறுத்திவிட்டு, கூடு கட்ட இடம் தேடிப் புழு அலையும் கட்டம்தான் முக்கியம். வெதுவெதுப்பில் அப்போது எக்டைசோன் கூடுதலாக ஓடும். கண்ணின் நடுச் செல்களில் அதற்கான ஏற்பி (ஹார்மோனை உணர்ந்துகொள்ளும் புரதம்) இருப்பதால் அவை பெருகிக் கண் பெரிதாகும். மழைக்காலத்தில் அந்தக் கண் கும்பிடுபூச்சியின் தாக்குதலை உடலிலிருந்து சிறகோரத்துக்குத் திருப்பிவிடும். வறட்சியில் சருகோடு சருகாகக் கிடக்கும் பூச்சிக்கோ பளிச்சென்ற கண் ஆபத்து.

நம் ஊர் மயில் வசீகரன் வண்ணத்துப்பூச்சியிலும் இதே இரட்டை வேஷம் உண்டு. மேற்பக்கப் பெரிய கண்கள் எல்லாப் பருவத்திலும் அப்படியே இருக்கும். அடிப்பக்கம்தான் மாறும்: மழைக்காலத்தில் கோடும் கண்ணுமாக, வறட்சியில் நுனி கூராகி, நடு நரம்பு போட்ட சருகாக. சிறகை விரித்த படத்தை மட்டும் போட்டுவிட்டு "எந்தப் பருவ வடிவம்?" என்று கேட்டால் யாரால் சொல்ல முடியும்? மூடிய சிறகின் படம் வேண்டும்.

நீர்முள்ளியிலோ பொடுதலையிலோ மயில் வசீகரன் புழு கிடைத்து வீட்டில் வளர்ப்பவர்கள் பெட்டிக்குள்ளேயே ஒரு வெப்பமானி வையுங்கள். அறையின் கணக்கு உதவாது. புழு தின்பதை நிறுத்திய நாள், கூட்டுப்புழுவான நாள் இரண்டையும் குறியுங்கள். பூச்சி வெளிவந்த தேதியைவிட அவை பெறுமதியானவை. புதுக் கூட்டுப்புழுவை, ஊருக்குப் போகிறோம் என்று ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள். முதல் இரண்டு நாட்களுக்குள் கடுங்குளிர் பட்டால் கோடுகள் கரைந்து, புள்ளிகள் இழுபட்ட சிறகு வரக்கூடும். அதையும் "புது இனமா?" என்று பதிவிடுவார்கள்.