நானும் வரி கட்டுகிறவன்தான்

முதியோர் இல்லங்களை நடத்த அரசு தரும் மானியம் பற்றி இணையத்தில் வந்த ஒரு பதிவுக்குக் கீழே நேற்று ஒருவர் இப்படி எழுதியிருந்தார்: "பெத்த பிள்ளை செய்ய வேண்டியதுக்கு என் வரிப்பணம் எதுக்கு? முதியோர் இல்ல மானியத்தை முதல்ல நிறுத்தணும்." அதற்கு விழுந்த லைக்குகளில் என் நண்பர்களும் இருக்கிறார்கள். ராத்திரி தூக்கம் வரவில்லை.

நானும் வரி கட்டுகிறவன்தான். அந்த மானியத்தில் கைவைக்காதீர்கள்.

என் அத்தைக்குப் பிள்ளை இல்லை. மாமா போனபிறகு மதுரையில் அவருக்கு வாடகை வீடு தேடி அலைந்தோம். ஒரு வீட்டுக்காரர் வாசலிலேயே நிறுத்திச் சொன்னார்: "தப்பா நெனைக்காதீங்க தம்பி, வயசானவங்க. நாளைக்கு ஒண்ணு ஆகிப்போச்சுன்னா அப்புறம் இந்த வீட்டுக்கு யாரும் குடிவர மாட்டாங்க." அத்தை பக்கத்தில்தான் நின்றார். கழற்றிய செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பி நடந்தார்.

"உன் வீட்டில் வைத்துக்கொள்வதுதானே?" வைத்திருந்தோம், எட்டு மாதம். ஒரே அறை. அதற்குமேல் அவரே இருக்க மாட்டேன் என்றுவிட்டார். இதை இன்னும் விளக்க எனக்கு மனசில்லை.

முதியோர் உதவித்தொகை வருகிறதே என்கிறார்கள். 2023-இல் தமிழ்நாட்டில் அதை மாதம் 1,200 ரூபாய் ஆக்கினார்கள். அதில் 80 வயதுக்குக் கீழே உள்ளவருக்கு மத்திய அரசின் பங்கு வெறும் 200. 1,200 ரூபாய்க்கு மதுரையில் எந்தத் தெருவில் வீடு கிடைக்கும்? சொல்லுங்கள், வந்து பார்க்கிறேன்.

இல்ல மானியத்தில் மோசடி நடக்கிறதாம். நடந்தால் பிடியுங்கள். ரேஷனிலும்தான் நடக்கிறது, கடையை மூடச் சொல்வீர்களா?

பிள்ளைகள்தான் பார்க்கணும் என்று 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தைக் காட்டுகிறீர்களே, அதே சட்டத்தின் 19-ஆம் பிரிவையும் படியுங்கள். மாவட்டத்துக்கு ஒன்றாவது, குறைந்தது 150 ஏழை முதியவர்கள் தங்கும்படி, மாநில அரசு இல்லம் அமைக்கலாம் என்கிறது. 'அமைக்கலாம்' தான், 'அமைக்க வேண்டும்' இல்லை. கட்டாயமே இல்லாத இடத்தில், வருகிற கொஞ்சக் காசையும் நிறுத்து என்றால் அவர்கள் எங்கே போவார்கள்? பஸ் ஸ்டாண்டுக்கா?

மானியத்தில் கைவைக்காதீர்கள். திரும்பத் திரும்பச் சொல்கிறேன் என்று கோபித்தாலும் சரி.

அத்தைக்குக் கடைசியில் அப்படி மானியத்தில் நடந்த ஓர் இல்லத்தில்தான் கட்டில் கிடைத்தது. போகும்போதெல்லாம் ஒரே கேள்வி: "இங்க காலி பண்ணச் சொல்ல மாட்டாங்கல்லப்பா?" மாட்டாங்க அத்தை என்பேன். ஆனாலும் கட்டிலுக்கடியில் மஞ்சப்பையைக் கட்டியபடியே வைத்திருந்தார். இரண்டு சேலை, ரேஷன் கார்டு, மாமா போட்டோ. ஏழு மாதம் கழித்துத்தான் அந்தப் போட்டோவைச் சுவரில் மாட்டச் சொன்னார். ஆணி வாங்கிக்கொண்டு போனேன்.