ஒரு பேட்டரி செத்ததுக்கு இவ்வளவு சிரிப்பா?

ஞாயித்துக்கிழமை பொட்லக் (ஆளுக்கொரு சமையல் கொண்டு வர்ற விருந்து) முடிஞ்சு பார்க்கிங்ல என் அமெரிக்க வண்டி ஸ்டார்ட் ஆகாம நின்னதையும், நம்ம ஆளுங்க அதை வீடியோ எடுத்து குரூப்ல போட்டதையும் பத்தி எதுவும் எழுதக் கூடாதுன்னுதான் இருந்தேன். வீடியோ பார்த்தவங்களுக்கு விளக்கம் தேவையில்ல. பார்க்காதவங்க புண்ணியவான்கள், அப்படியே இருங்க. ஆனா திங்கட்கிழமை காலையில எழுந்து போனை எடுத்தா குரூப்ல 83 மெசேஜ். பாதிக்கு மேல சிரிக்கிற ஸ்டிக்கர். ஒரு அன்பர் டோ டிரக் (நின்னுபோன வண்டியை இழுத்துட்டுப் போற லாரி) படத்தைப் போட்டு "அண்ணே, உங்க வண்டியோட ஃபேமிலி போட்டோ"ன்னு எழுதியிருக்கார். நல்லாத்தான் இருந்தது. நானே ஒரு நிமிஷம் சிரிச்சேன். ரெண்டாவது நிமிஷம் சிரிப்பு வரல.

நடந்தது இதுதான். மிச்சிகன் குளிர், மைனஸ் 14 டிகிரி. வண்டி நாலு மணி நேரம் வெளியில நின்னது. பேட்டரிக்கு வயசு ஆறு. அக்டோபர்லயே ஆயில் மாத்துற இடத்துல "வீக்கா இருக்கு, குளிருக்கு முன்னாடி மாத்திடுங்க"ன்னு சொன்னாங்க. நான்தான் பார்த்துக்கலாம்னு வந்துட்டேன். சாவியைத் திருப்பினா டிக் டிக் டிக். டேஷ்போர்டுல எல்லா விளக்கும் கார்த்திகை தீபம் மாதிரி எரிஞ்சு அணைஞ்சது. இன்னொரு வண்டி பேட்டரியிலேர்ந்து கரண்ட் எடுக்கற ஜம்பர் கேபிள் போட்டதும் மூணு நிமிஷத்துல ஸ்டார்ட். அந்தக் கேபிள் யாருது? சுத்தி நின்ன ஜப்பான் வண்டி ஒண்ணுலயும் கேபிள் இல்ல. "எங்களுக்குத் தேவைப்பட்டதே இல்லண்ணே"ன்னு அதையும் பெருமையாச் சொன்னாங்க. கேபிள் என் டிக்கியிலயே இருந்தது. (உடனே "அமெரிக்கன் கார்காரன் கேபிளோடதான் திரியணும்"னு எழுதக் கிளம்பாதீங்க. அதுவும் குரூப்ல வந்தாச்சு.)

இன்னொண்ணும் சொல்லிடறேன். அந்தப் பேட்டரி வண்டியோட வந்ததுகூட இல்ல. கடையில வாங்கி நானே மாட்டினது. அதே கம்பெனி பேட்டரி உங்க வண்டியிலயும் உக்காரும். செத்தது பேட்டரி, திட்டு வாங்கினது அமெரிக்கக் கார்களோட ஊரான டெட்ராய்ட்.

நான் கேக்கறது ஒண்ணே ஒண்ணுதான். ஜப்பான் வண்டி நின்னா வண்டிக்கு உடம்பு சரியில்ல. அமெரிக்க வண்டி நின்னா அதோட பொறப்பே சரியில்ல. இது எந்த ஊர் நியாயம்?

என் முதல் காரே ஜப்பான் கார்தான். 2006-ல வாங்கினேன். கம்பெனி பேர் வேண்டாம், சொன்னா அந்தக் கட்சிக்காரங்க வந்து இங்க கொடி நட்டுடுவாங்க. வீட்டம்மா அப்போ ஏழு மாசம். சிகாகோ போறதுக்காக ஐ-94 நெடுஞ்சாலையில ஜாக்சன் ஊரைத் தாண்டிப் போயிட்டிருக்கோம். வண்டியில 92,000 மைல்தான் ஓடியிருந்தது. திடீர்னு ஆக்சிலரேட்டரை மிதிச்சா இன்ஜின் கத்துது, வண்டி நகரல. ஆர்பிஎம் முள்ளு நாலாயிரத்துல நிக்குது, வேகம் இருபதுக்கு எறங்கிடுச்சு. கருகின எண்ணெய் வாடை. ஓரமா நிறுத்திட்டு யாரைக் கூப்பிடறதுன்னு தெரியாம பக்கத்து வீட்டுப் பெரியவருக்குப் போன் போட்டேன். முப்பது வருஷம் கார் ஆலை லைன்ல நின்னு ரிட்டையர் ஆனவர். ராத்திரி பத்து மணிக்குத் தன்னோட பழைய ப்யூக் லெசேபரை எடுத்துட்டு வந்தார். 2 லட்சம் மைல் தாண்டின வண்டி. ஜிஎம்மோட (ப்யூக், ஷெவர்லே செய்யற ஜெனரல் மோட்டார்ஸ்) அந்த 3800 வி6 இன்ஜின் லேசுல சாகாதுன்னு தெரிஞ்சவங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல.

வர்ற வழியெல்லாம் மனுஷன் ஒரு வார்த்தை பேசல. "ஜப்பான் வண்டி வாங்கினியே, பார்த்தியா"ன்னு ஒரு வார்த்தை இல்ல. ஹீட்டரை மட்டும் வீட்டம்மா பக்கம் திருப்பி வச்சார்.

கியர்பாக்ஸ் செலவு 3,400 டாலர். அப்போ நம்ம நண்பர்கள் என்ன சொன்னாங்க தெரியுமா? "கியர் ஆயில் ஒழுங்கா மாத்தினீங்களா?" "செகண்ட் ஹேண்ட் வாங்கினா அப்படித்தான்." ஒரு அண்ணி, "கண்ணு பட்டிருக்கும், சுத்திப் போடுங்க"ன்னாங்க. ஜப்பான் வண்டிக்கு திருஷ்டி கழிக்கணும், அமெரிக்க வண்டிக்கு கருமாதி பண்ணணும். அப்படித்தானே?

சரி, என் கதையை விடுங்க. கலிஃபோர்னியாவுல ஃப்ரீமான்ட் ஆலைக் கதையை எத்தனை பேருக்குத் தெரியும்? ஜிஎம் அதை 1982-ல இழுத்து மூடினாங்க. நாட்டுலயே மோசமான ஆலைன்னு பேர். சொல்லாம லீவு போடறது, தகராறு, நிர்வாகத்து மேல இருந்த கோவத்துல கதவுப் பலகைக்குள்ள கோக் பாட்டிலைப் போட்டு மூடி அனுப்பினது வரைக்கும் அந்தத் தொழிலாளர்களே பின்னாடி சொல்லியிருக்காங்க. 1984-ல டொயோட்டாவும் ஜிஎம்மும் கூட்டுச் சேர்ந்து நும்மின்னு பேர் வச்சு அதே ஆலையைத் திறந்தாங்க. ஆள் யாரு? பெரும்பாலும் அதே ஆட்கள், அதே யூனியன். நூத்துக்கணக்குல ஜப்பானுக்கு அனுப்பிப் பழக்கினாங்க. தப்பு கண்ணுல பட்டா எந்தத் தொழிலாளி வேணும்னாலும் கயித்தை இழுத்து லைனை நிறுத்தலாம்னு விட்டாங்க. முன்னாடி, என்ன ஆனாலும் லைன் நிக்கக் கூடாதுங்கறதுதான் சட்டம். கொஞ்ச நாள்லயே அங்க வந்த வண்டி ஜப்பான்ல செய்யற வண்டிக்கு ஈடா நின்னது.

"அப்போ சிஸ்டம் ஜப்பானோடதுதானே?"ன்னு கேப்பீங்க. ஆமா. யார் இல்லன்னா? அந்த ஜப்பான்காரங்களுக்கு 1950-ல தரக் கட்டுப்பாடு பாடம் எடுக்கப் போனவர் டெமிங்னு ஒரு அமெரிக்கர்தான், அவர் பேர்ல இன்னிக்கும் அங்க பரிசு கொடுக்கறாங்க. அந்த ஆட்டத்துக்கு நான் வரல. நான் சொல்ல வர்றது அடுத்தது. அதே ஆலையில, அதே கைகள், கிட்டத்தட்ட ஒரே வண்டியை ரெண்டு பேர்ல செஞ்சாங்க. ஒண்ணு டொயோட்டா கொரோலா. இன்னொண்ணு ஜிஎம் வித்த ஜியோ ப்ரிஸம், பின்னாடி ஷெவர்லே ப்ரிஸம். உள்ள இருக்கற இன்ஜின் டொயோட்டாவோடது. ஆனா கொரோலாவுக்கு ஷோரூம்லயும் விலை அதிகம், பழசானப்புறமும் விலை அதிகம். ப்ரிஸம் சீந்துவார் இல்லாமக் கெடந்தது. விவரம் தெரிஞ்சவங்க விலை குறைஞ்ச கொரோலான்னு தேடிப் பிடிச்சு வாங்கினாங்க. மத்தவங்க மூக்குல ஒட்டியிருந்த சின்னத்தைப் பார்த்துட்டு அந்தப் பக்கம் போயிட்டாங்க. வண்டியை யாரு பார்த்தா? ஸ்டிக்கரைத்தானே பார்த்தோம்?

இப்போ வரிசையா வருவீங்க. "சர்வேயைப் பாருங்கண்ணே, நம்பகத்தன்மையில மேல இருக்கறது யாரு?" டொயோட்டா, லெக்சஸ், ஹோண்டா, சுபாரு. தெரியும். ஃபோர்டு 2025-ல ஒரே வருஷத்துல போட்ட ரீகால் (கோளாறைச் சரிபண்ண கம்பெனியே வண்டியைத் திரும்பக் கூப்பிடறது) எண்ணிக்கையில பழைய சாதனையெல்லாம் உடைச்சதும் தெரியும். ஃபோகஸ் கார்ல போட்டாங்களே, கோளாறுக்குப் பேர் போன அந்த ரெட்டை கிளட்ச் கியர், அதைப் பத்தி நானே வாய் திறக்க மாட்டேன். ஆனா ஜே.டி. பவர்ங்கற சர்வே கம்பெனியோட 2025 நம்பகத்தன்மைக் கணக்குல லெக்சஸுக்கு அடுத்து ரெண்டாவதா நின்னது ப்யூக், டொயோட்டாவுக்கும் மேல. அதை யாராவது குரூப்ல ஃபார்வர்டு பண்ணீங்களா? ப்யூக்னா கிழவன் கார். அவ்வளவுதான் உங்க ஆராய்ச்சி.

2024-ல டொயோட்டா டன்ட்ரா இன்ஜினுக்குள்ள உலோகச் சீவல் தங்கிப்போச்சுன்னு சுமார் 1 லட்சம் வண்டிக்கு ரீகால். இன்ஜினையே முழுசா மாத்தித் தர்றோம்னாங்க. நம்ம குரூப்ல என்ன பேச்சு? "பாருங்க, எவ்வளவு பெரிய மனசு!" 2025-ல ஜிஎம்மோட 6.2 லிட்டர் வி8 இன்ஜினுக்கு சுமார் 6 லட்சம் வண்டி ரீகால். கெட்டதுக்கு இன்ஜின் மாத்தினாங்க, சோதனையில தேறினதுக்குக் கெட்டியான ஆயில். அதுக்கு என்ன பேச்சு? "டெட்ராய்ட் சரக்குன்னா இப்படித்தான்." எண்ணிக்கையில ஆறு மடங்கு வித்தியாசம்னு சொல்வீங்க. சரி, ஒத்துக்கறேன். ஆனா தகாட்டா ஏர்பேக் எந்த நாட்டுக் கம்பெனி? ஜப்பான். அமெரிக்கச் சரித்திரத்துலயே பெரிய ரீகால் அது. சாகாமக் காப்பாத்த வேண்டிய பை வெடிச்சு உள்ளேர்ந்து உலோகத் துண்டு பாய்ஞ்சு ஆள் செத்திருக்காங்க. அதிகமா மாட்டினது ஹோண்டா. ஹோண்டா பேர் கெட்டுச்சா? இல்ல. கெட வேணாம்னுதான் நானும் சொல்றேன். அதே பெருந்தன்மையில கொஞ்சம் இந்தப் பக்கமும் தெளிச்சா என்ன குறைஞ்சா போயிடும்?

அடுத்தது, "நீங்க டெட்ராய்ட் சம்பளம் வாங்கறீங்க, அதான் பேசறீங்க." இதைச் சொன்னவர் எங்கிட்ட நேர்ல சொல்லியிருக்கலாம், பதினஞ்சு வருஷப் பழக்கம். நான் வேலை பார்க்கறது உதிரிபாக கம்பெனி. எங்க சரக்கு ரெண்டு பக்கமும் போகுது. ஜப்பான் உதிரிபாகக் கம்பெனி யசாகியோட ஆபீஸ் நாம இருக்கற இதே கான்டன்லதான் இருக்கு, அதே மாதிரி டென்சோ சவுத்ஃபீல்டுல, டொயோட்டாவோட ஆராய்ச்சி மையம் ஆன் ஆர்பர் பக்கம். இங்க யார் சம்பளத்துல எந்த நாட்டு உப்பு இருக்குன்னு பிரிச்சுப் பார்க்கவே முடியாது. அப்படிப் பார்த்தா, அதைச் சொன்னவர் வேலை பார்க்கறது எங்கன்னு எனக்கும் தெரியும். வேணாம். நான் அந்த அளவுக்கு எறங்க மாட்டேன்.

"இது ஒரு மாதிரி தேசபக்தி வெறி"ன்னும் ஒருத்தர். ஐயா, அந்த வெறி எங்க கொண்டு விடும்னு இந்த ஊர்ல இருக்கறவனுக்குத் தெரியாதா? 1982-ல டெட்ராய்ட் பக்கத்துல ஹைலண்ட் பார்க்ல வின்சென்ட் சின்ங்கறவரை பேஸ்பால் மட்டையால அடிச்சே கொன்னாங்க. அடிச்ச ரெண்டு பேர்ல ஒருத்தன் கிரைஸ்லர்ல சூப்பர்வைசர், இன்னொருத்தன் வேலை போனவன். ஜப்பான் கார் மேல இருந்த ஆத்திரம். செத்தவர் ஜப்பானியரே இல்ல, சீன வம்சாவளி. தண்டனை, மூணு வருஷ நன்னடத்தைக் கண்காணிப்பு, 3,000 டாலர் அபராதம். இதெல்லாம் தெரிஞ்சுதான் பேசறேன். வெளிநாட்டு வண்டி வாங்காதேன்னு நான் யாரையும் சொல்லல. என் வீட்டு கராஜ்லயே ஒரு ஜப்பான் வண்டி நிக்குது. வீட்டம்மாவோடது. அவங்க மாத்த மாட்டாங்களாம். அது எங்க குடும்ப விவகாரம், அதுக்குள்ள வராதீங்க.

அன்னிக்கு பேட்டரி ஏறட்டும்னு வண்டியை ஓடவிட்டு இருபது நிமிஷம் நின்னேன். நீங்க வீடியோ எடுத்துட்டு உள்ள போயிட்டீங்க. கடுப்புல போன் டார்ச்சை அடிச்சு நின்ன வண்டிகளோட விண்ட்ஷீல்டுக்குக் கீழ இருக்கற 17 எழுத்து நம்பரைப் படிச்சுட்டே வந்தேன். நம்பர்ல முதல் எழுத்து வண்டி எந்த நாட்டுல செஞ்சதுன்னு சொல்லும். ஜப்பான்னா ஜே (J). எங்கிட்ட ரொம்ப நேரம் வாதாடினாரே, அவரோட டொயோட்டா கேம்ரி 4-ல ஆரம்பிக்குது. அமெரிக்கா. கென்டக்கியில ஜார்ஜ்டவுன் ஆளுங்க முறுக்கின ஸ்க்ரூ. பக்கத்துல டொயோட்டா ஆர்ஏவி4, அது 2-ல ஆரம்பிக்குது, கனடா. அடுத்தது ஒரு ப்யூக், எல் (L) எழுத்துல ஆரம்பிக்குது, அது சீனா. சிரிப்பு வந்தா சிரிங்க, நானும் சிரிச்சேன்.

கடைசில ஒரு சின்ன ஃபோர்டு ஈகோஸ்போர்ட். புதுசா வந்திருக்கற மாஸ்டர்ஸ் படிக்கற தம்பியோடது. குரூப்ல அதுக்கும் ஒரு வட்டம் போட்டு "அண்ணன் வண்டிக்குத் துணைக்கு இன்னொரு டப்பா"ன்னு எழுதியிருந்தீங்களே, அதுதான். கண்ணாடில படிஞ்ச பனியைக் கார்டால சுரண்டிப் பார்த்தேன். எம்-ஏ-ஜே (MAJ). இந்தியா. சென்னை பக்கத்துல மறைமலை நகர் ஃபோர்டு ஆலை. 2018-லேர்ந்து அமெரிக்காவுல வித்த ஈகோஸ்போர்ட் சென்னையிலேர்ந்து கப்பலேறி வந்ததுதான். அந்த 1.0 லிட்டர் இன்ஜினோட ஆயில் பம்ப் பெல்ட்டுக்கு ரீகால் வந்தது எனக்கும் தெரியும், லிங்க் அனுப்ப வேணாம்.

என் சித்தி பையன் ஒன்பது வருஷம் அந்த ஆலைக்குக் கதவு ரப்பர் பீடிங் சப்ளை பண்ற ஒரு கம்பெனியில வேலை பார்த்தான். போன் பேசும்போதெல்லாம் "உங்க ஊருக்குத்தாண்ணா போகுது"ன்னு சொல்வான். 2021 செப்டம்பர்ல ஃபோர்டு இந்தியாவுல தயாரிப்பை நிறுத்தறோம்னு அறிவிச்சதோட அவங்க ஆர்டரும் முடிஞ்சது. இப்போ செங்கல்பட்டுல செல்போன் கவர் விக்கறான்.

அந்தத் தம்பிகிட்ட கேட்டு, கதவைத் திறந்து, பீடிங்கை ஒரு போட்டோ எடுத்து சித்தி பையனுக்கு அனுப்பினேன். அங்க விடிகாலை. உடனே பதில் வந்தது.

"எங்கயாவது கிழிஞ்சிருக்காண்ணா?"

விரலை விட்டு நாலு கதவும் தடவிப் பார்த்தேன். மிச்சிகன் குளிர்ல இத்தனை வருஷம் கெடந்தும் ஒரு வெடிப்பு இல்ல.

பி.கு: பேட்டரி மாத்தியாச்சு, 189 டாலர். வீடியோ இன்னும் குரூப்லதான் இருக்கு.