ஏசி ரூம் வியாதியாம்!

எந்த வீடியோன்னு நான் சொல்ல வேண்டியதில்ல, ரெண்டு நாளா எல்லார் ஸ்டேட்டஸ்லயும் அதான் ஓடிகினு இருக்கு. பச்ச துண்டு போட்டுகினு மேடையேறி, "டிப்ரஷன்லாம் ஏசி ரூம்ல உக்கார்றவனுக்கு வர்ற வியாதி, சேத்துல கால் வெச்சவனுக்கு வராது, உழவன் சாமிய்யா"ன்னாரே, கீழ விசில் பறந்துச்சே, அதான். பேர் போட்டு அவர இன்னும் பெரியாளாக்கற ஐடியா எனக்கில்ல. அவர் மேல கூட அவ்ளோ கோவமில்ல, மைக் குடுத்தா பேசறாரு. விசில் அடிச்சவங்க மேலதான் கோவம். ஷேர் பண்ணதுல பாதி பேரு என் சொந்தம்.

நேராவே சொல்லிடறேன். வரும். சேத்துல கால் வெச்சவனுக்கும் வரும். எங்க நைனாவுக்கு வந்துச்சு.

2016ல வடகிழக்கு பருவமழை மொத்தமா கவுத்துச்சே, 2017 ஜனவரில எல்லா மாவட்டமும் வறட்சின்னு அறிவிச்சாங்களே, அந்த வருஷம். ஒடுகத்தூர் பக்கம் எங்க கொல்லி ஒன்றரை ஏக்கர், கொஞ்சம் மல்லாட்டை (நிலக்கடலைதான்), கொஞ்சம் முள்ளு கத்திரி (ஆமா, 2023ல புவிசார் குறியீடு வாங்குன அதே இலவம்பாடி கத்திரிக்காதான், போட்டோ புடிக்க மட்டும் எல்லாரும் வந்தீங்க). இருந்த போர் வத்திப்போச்சு. புதுசா ரெண்டு எடத்துல போட்டோம், ரெண்டுலயும் பொகைதான் வந்துச்சு. அம்மா நகை அடகுக்கு போச்சு, மேல மூணு வட்டிக்கு கைமாத்து.

அப்பறம் நைனா நைட்டுல மோட்டார் கொட்டாவுக்கு போவ ஆரம்பிச்சாரு. ரெண்டு மணி, மூணு மணிக்கு டார்ச் எடுத்துகினு போவாரு, விடிஞ்சப்பறம் வருவாரு. மோட்டார் ஓட்டற த்ரீ பேஸ் கரண்ட் அப்பல்லாம் நைட்டுலயும் வுடுவான், அதுக்கு போறாருன்னு நாங்க நெனச்சோம். நாலு மாசம் அப்டியே நெனச்சோம். போர்லயே தண்ணி இல்ல, எந்த கரண்டுக்கு அந்த மனுஷன் காத்துகினு இருந்தாருன்னு டிகிரி முடிச்ச ரெண்டு பசங்க இருக்கற வூட்ல ஒருத்தனுக்கும் கேக்க தோணல. ஏன்னா அவரு கல்லு மாதிரி, அவருக்கு இன்னா ஆவப்போவுதுன்னு சின்ன வயசுலேர்ந்து சொல்லி சொல்லி வளத்துட்டாங்க. சாமின்னு சொல்லிட்டா அந்தாளு எங்க போய் அழுவான் சொல்லுங்க? அதான் என் கேள்வி.

அவரு ஒரு நாள் கூட "மனசு சரியில்ல"ன்னு சொன்னதில்ல. நெஞ்சு எரியுதுன்னாரு, உடம்பெல்லாம் காந்துதுன்னாரு. சோறு இறங்கல. பால் சொசைட்டிக்கு போறத நிறுத்திட்டாரு, நாலு பேர பாக்கணுமே. மொதல்ல போன ஆஸ்பத்திரில ஒருத்தரு நிமிந்து கூட பாக்காம சத்து ஊசி போட்டு "டென்ஷன் ஆவாதீங்க பெரியவரே"ன்னு அனுப்பிட்டாரு. மந்திரிச்சோம், தாயத்து கட்டுனோம். கடைசில எங்க மாமா ஒருத்தர்தான், அஞ்சாவது கூட படிக்காத மனுஷன், "டேய் இது மனசுடா, அதுக்குன்னு இருக்கற டாக்டராண்ட இட்னு போ"ன்னாரு.

அந்த டாக்டரம்மா கேட்ட மொத கேள்வியே தூக்கம் எப்டின்னுதான். நைனா "மூணு மணிக்கெல்லாம் முழிப்பு வந்துரும்மா, கய்னிக்காரன் பொழப்பு அப்டி"ன்னாரு. அந்தம்மா பேனாவ கீழ வெச்சிட்டு, "போர்தான் ஓடலைங்கறீங்களே, மூணு மணிக்கு எழுந்து இன்னா பண்றீங்க?"ன்னு கேட்டாங்க. அவ்ளோதான். துண்ட வாயில வெச்சிகினு அழுதாரு. முப்பது வருஷத்துல எங்க நைனா அழுது நான் பாத்தது அன்னிக்குதான்.

மாத்திரை குடுத்தாங்க. ஒடனே கேக்காது, ரெண்டு மூணு வாரம் ஆவும், நடுவுல நிறுத்தாதீங்கன்னாங்க. அப்டிதான் ஆச்சு. ஒரு மாசம் கழிச்சு ஒரு நாள் காலைல அவரே பால் கேன எடுத்து சைக்கிள்ல மாட்டுனாரு. அம்மா வாசல்ல நின்னு பாத்துகினே இருந்துச்சு.

இப்ப கமெண்ட்ல வருவீங்க, தெரியும். "கடன தள்ளுபடி பண்ணா போதும், மாத்திரை எதுக்கு?" அண்ணே, கடன் தீரணும், வெல கெடைக்கணும், நான் மறுக்கவே இல்ல. 2021ல கூட்டுறவு பயிர்க்கடன் 12,110 கோடி தள்ளுபடி பண்ணாங்க, நல்ல விஷயம். ஆனா மூணு வட்டிக்காரன் அந்த லிஸ்ட்ல இல்லியே. குழு கடன் வசூலுக்கு வூட்டு வாசல்ல வந்து உக்கார்றானே, அவனும் இல்ல. சரி, கடனே தீந்துச்சுன்னு வெச்சுக்கோங்க, நாலு மாசமா தூங்காத மனுஷனுக்கு மறுநாளே தூக்கம் வந்துருமா? கால் ஒடஞ்சவனுக்கு பள்ளத்த மூடிட்டேன், எழுந்து நடன்னு சொல்வீங்களா?

"குடிதான் காரணம்"னு ஒருத்தர் எப்பவும் வருவாரு. எங்க நைனா பீடி கூட குடிக்க மாட்டாரு. அடுத்து.

"மேடையில பேசுனவரு நல்ல எண்ணத்துலதான், தைரியம் குடுக்க சொன்னாரு." இதுக்குதான் எனக்கு பத்தினு வருது. நம்ம கணியம்பாடி ஒன்றியத்துல வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரிகாரங்க ஊர் ஊரா சாவ விசாரிச்சு 2003ல கணக்கு வெளியிட்டாங்க. 1994லேர்ந்து 99 வரைக்கும், வருஷத்துக்கு லட்சத்துக்கு 95 பேர் தற்கொலை. அப்ப நாட்டு சராசரின்னு போலீஸ் கணக்கு சொன்னது பத்து பதினொண்ணுதான். அடுத்த வருஷம் இன்னொண்ணு வந்துச்சு, 10லேர்ந்து 19 வயசு பொண்ணுங்கள்ல லட்சத்துக்கு 148. எங்கியோ வெளியூர் இல்லீங்க, வேலூர்லேர்ந்து டவுன் பஸ்ல போற தூரம். எத்தினி சாவு "வயித்து வலி"ன்னு எழுதி முடிச்சிருப்போம்? தைரியம் குடுத்தாராம்.

இன்னொண்ணு. 2022ல நாடு பூரா விவசாயத்துல இருந்து தற்கொலை பண்ணிகினவங்க 11,290 பேரு. அதுல 6,083 பேரு கூலிக்கு போறவங்க, சொந்த நெலக்காரங்கள விட அதிகம். மேடையில சாமின்னு சொல்றீங்களே, வரப்புல நின்னு களை புடுங்கற அக்கா அந்த சாமி லிஸ்ட்ல உண்டா? அவங்களுக்கு பச்ச துண்டும் கெடையாது, பேனரும் கெடையாது.

"நீ ராணிப்பேட்டைல சம்பளம் வாங்கினு உக்காந்து பேசற"ன்னும் சொல்வீங்க. ஆமா, வாங்கறேன். அந்த சம்பளத்துலதான் மாத்திரை. சரி விடுங்க, எங்கியோ போவுது பேச்சு.

நான் கேக்கறது பெருசா ஒண்ணுமில்ல. உங்க வூட்ல யாராவது பேச்ச கொறச்சிட்டா, தூங்கலன்னா, பால் சொசைட்டி, டீக்கடை பக்கம் போறத வுட்டுட்டா, பக்கத்துல உக்காந்து கேளுங்க. சாவற நெனப்பு வருதான்னு நேராவே கேளுங்க, கேட்டா வராதது வந்துராது. மாவட்ட மனநலத் திட்டத்துல கவர்மெண்ட் ஆஸ்பத்திரியிலயே மனநல டாக்டர பாக்கலாம். கவர்மெண்டோட மனநல உதவி நம்பர் 14416க்கு எந்நேரமும் போன் போடலாம், காசில்ல, தமிழ்லயே பேசறாங்க. சிஎம்சியோட மனநல ஆஸ்பத்திரி இருக்கற பாகாயம் பேர சொன்னாலே சிரிக்கற ஊரு நம்ம ஊரு, அந்த சிரிப்பு மேல இருந்த பயமும் சேந்துதான் எங்க வூட்ல நாலு மாசம் போச்சு.

இதெல்லாம் எழுதாம கூட இருந்திருப்பேன். எங்க சித்தப்பா பையன் அந்த வீடியோவ ஃபேமிலி குரூப்ல போட்டு மூணு ஃபயர் வேற வுட்டிருந்தான். நேத்து நைட்டு வூட்டுக்கு போன் பண்ணேன். நைனா மல்லாட்டை வெல, ஏரி தண்ணி எல்லாம் பேசிட்டு, வெக்கப்போறப்போ கேக்கறாரு, "ஏம்பா, அந்தாளு சொல்றத பாத்தா எனக்கு ஒண்ணுமில்ல போல இருக்கே, மாத்திரைய வுட்டுடட்டா?"

தம்பி, நீயும் இத படிப்பன்னு தெரியும். மொதல்ல அத குரூப்லேர்ந்து எடு. அப்பறம் உங்க பெரியப்பாவுக்கு நீயே போன் பண்ணி சொல்லு.