1951 சான் பிரான்சிஸ்கோ அணி: அட்டவணை மட்டுமா காரணம்?

ஒன்பது ஆட்டங்களில் ஒன்பதையும் வென்ற 1951ஆம் ஆண்டு சான் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழக அமெரிக்கக் கால்பந்து அணிக்குப் பருவ இறுதிக் கிண்ண ஆட்டங்கள் எதிலிருந்தும் அழைப்பு வராததற்கு, ஆட்ட அட்டவணையில் இருந்த எதிரணிகள் வலுவற்றவையாக இருந்ததே காரணம் என்று, அந்த அணியைப் பற்றி வெளியான கட்டுரையில் அதன் ஆசிரியர் முடித்துவிடுவது எனக்கு ஏற்புடையதாக இல்லை. ஆலி மேட்சன், பர்ல் டோலர் என்னும் இரு கறுப்பின வீரர்களையும் விட்டுவிட்டு வந்தால், இனப்பாகுபாடு நிலவிய அமெரிக்கத் தென் மாநிலங்களில் நடக்கும் கிண்ண ஆட்டத்தில் ஆடலாம் என்று சொல்லப்பட்டபோது, அணியினர் ஒருமித்து மறுத்ததைப் பின்னாளில் அவர்களே பலமுறை கூறியுள்ளனர்.

நியூயார்க்கில் ஃபோர்டம் அணிக்கு எதிராகத் தொடக்க உதையில் வந்த பந்தைப் பிடித்து எதிர்முனைக் கோடுவரை ஓடிய மேட்சன், அதே ஆட்டத்தில் அதை மீண்டும் ஒருமுறை செய்து காட்டினார். அப்பருவத்தில் அவர் பந்துடன் ஓடிக் கடந்தது 1,566 கெஜம். நாட்டிலேயே அதுதான் முதலிடம். மறு ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 400 மீட்டரில் வெண்கலமும் வென்றார். இத்தகைய ஆட்டக்காரரைக் கொண்ட அணியை எளிய அட்டவணையின் பயனாளி என்பது, தயவுசெய்து பொறுத்துக்கொள்ளுங்கள், சற்று அவசரமான தீர்ப்பு.

இவ்வணியின் மேட்சன், ஜீனோ மார்கெட்டி, பாப் செயின்ட் கிளேர் மூவரும் தொழில்முறைக் கால்பந்தின் புகழ் மண்டபத்தில் இடம்பெற்றதைக் கட்டுரை சொல்கிறது. முழங்கால் காயத்தால் ஆட்டத்தை இழந்த டோலர், 1965இல் தேசியக் கால்பந்து லீகின் முதல் கறுப்பின நடுவரானதையும் சேர்த்திருக்கலாம். பணப் பற்றாக்குறையால் பல்கலைக்கழகம் அப்பருவத்தோடு அணியையே கலைத்துவிட்டது.