இழப்பீடு கேட்பவரைப் பேராசைக்காரர் என்று சொல்லாதீர்கள்

அடிபட்டுப் படுத்திருப்பவரைக் கண்டால் எல்லோரும் இரக்கப்படுகிறார்கள். அதே மனிதர் எழுந்து உட்கார்ந்து, “இதற்குக் காரணமானவர்கள் எனக்கு இழப்பீடு தரவேண்டும்” என்று சொன்ன மறுகணம் அந்த இரக்கம் போன இடம் தெரியவில்லை. “உயிர் பிழைத்ததே பெரிது, காசுக்கு அலைகிறானே” என்கிறார்கள். இந்தப் பேச்சைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. காசுக்கு அலைபவராக ஊர் பேசுமே என்று அஞ்சியே தனக்குச் சேரவேண்டியதைக் கேட்காமல் விட்ட குடும்பங்கள் எத்தனை!

ஒருவர் கேட்காமல் இருந்துவிட்டால் அந்தச் செலவு மறைந்துவிடுமா? அது அடிபட்டவர் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்கிறது. அடகுக்குப் போன நகையாக, பாதியில் நின்ற பிள்ளையின் படிப்பாக, வேலையை விட்டுவிட்டுக் கணவனைப் பார்த்துக்கொள்ளும் மனைவியின் முதுகுவலியாக. யாரோ ஒருவர் அதைச் சுமந்தே ஆகவேண்டும். தவறு செய்தவர் சுமப்பதா, தவறிழைக்கப்பட்டவர் சுமப்பதா என்பது மட்டுமே கேள்வி. இழப்பீட்டுச் சட்டம் உலகில் எங்கே இருந்தாலும் இந்த ஒரு கேள்விக்குத்தான் பதில் தேடுகிறது.

பேராசைக்கு உதாரணமாக உலகமே சொல்லிச் சிரித்த ஒரு வழக்கு உண்டு. காபியைத் தன் மேலேயே கொட்டிக்கொண்ட ஒரு மூதாட்டி மெக்டொனால்ட்ஸ் நிறுவனத்திடமிருந்து லட்சக்கணக்கான டாலர் கறந்துவிட்டார் என்று பலரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். நடந்ததைக் கொஞ்சம் பொறுமையாகப் பாருங்கள்.

1992 பிப்ரவரியில், அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் உள்ள அல்புகர்க்கி நகரில் நடந்தது இது. ஸ்டெல்லா லீபெக்குக்கு அப்போது வயது 79. அவர் கார் ஓட்டவில்லை. பேரன் ஓட்டிவந்த கார் நிறுத்தப்பட்டிருந்தது. கோப்பையை முழங்கால்களுக்கு நடுவே வைத்து மூடியைத் திறந்தபோது காபி முழுவதும் மடியில் கொட்டியது. அணிந்திருந்த பருத்தி உடை அதை உறிஞ்சித் தோலோடு ஒட்டவைத்தது. தொடையிலும் இடுப்புக்குக் கீழும் மூன்றாம் நிலைத் தீக்காயம், அதாவது தோலின் முழு ஆழமும் வெந்துபோன காயம். எட்டு நாள் மருத்துவமனை, தோல் ஒட்டு அறுவை சிகிச்சை, அதன் பிறகும் நெடுநாள் தொடர்ந்த மருத்துவம்.

அவர் முதலில் கேட்டது ஏறத்தாழ 20,000 டாலர். மருத்துவச் செலவும், கூட இருந்து பார்த்துக்கொண்ட மகள் இழந்த வருமானமும் அதில் அடக்கம். நிறுவனம் தருவதாகச் சொன்னது 800 டாலர். வழக்கு நடந்தபோதுதான் உண்மைகள் வெளியே வந்தன. காபியை 82 முதல் 88 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் வைத்திருக்கவேண்டும் என்பது நிறுவனத்தின் விதி. அந்த வெப்பத்தில் சில நொடிகள் பட்டாலே தோல் வெந்துவிடும். அதற்கு முந்தைய பத்தாண்டுகளில் இதேபோல் சுட்டுக்கொண்டவர்களிடமிருந்து 700-க்கும் மேற்பட்ட புகார்கள் வந்திருந்தன. நிறுவனத்துக்குத் தெரிந்தே இருந்தது. மாற்றவில்லை.

1994-இல், பொதுமக்களிலிருந்து அமர்த்தப்பட்டு வழக்கைக் கேட்ட நடுவர் குழு 2,00,000 டாலர் இழப்பு என்று மதிப்பிட்டு, அவர் பக்கமும் 20 விழுக்காடு தவறு உண்டு என்று 1,60,000-ஆகக் குறைத்தது. அதற்கு மேல் தண்டனையாக 27 லட்சம் டாலர் விதித்தது. அது அந்த நிறுவனத்தின் ஏறத்தாழ இரண்டு நாள் காபி விற்பனை. நீதிபதி அந்தத் தண்டனைத் தொகையை 4,80,000-ஆக வெட்டினார். கடைசியில் இரு தரப்பும் வெளியே சொல்லாத ஒரு தொகைக்குச் சமரசம் செய்துகொண்டார்கள். உலகம் நினைவில் வைத்துக்கொண்டது 27 லட்சத்தை மட்டும். அந்த 700 பேரை யாரும் நினைவில் வைக்கவில்லை. ஒரு மூதாட்டி கேலியைத் தாங்கிக்கொண்டு கேட்டதால்தான் அந்தப் புகார்களே வெளிச்சத்துக்கு வந்தன என்பதையும் யாரும் சொல்வதில்லை.

இந்த வழக்கில் வந்த 20 விழுக்காட்டை நான் வலியுறுத்திச் சொல்ல விரும்புகிறேன். “என் மேலும் கொஞ்சம் தவறு இருக்கிறதே, நான் எப்படிக் கேட்பது?” என்று பலர் தாங்களே கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். ஒரு காலத்தில் சட்டமும் அப்படித்தான் இருந்தது. இங்கிலாந்தில் 1945 வரை, அடிபட்டவரிடம் சிறு கவனக்குறைவு இருந்தாலும் ஒரு காசும் கிடைக்காமல் போகலாம். அந்த ஆண்டு வந்த சட்டம் அதை மாற்றியது. இன்று பெரும்பாலான நாடுகளில் உங்கள் பங்குத் தவறுக்கு ஏற்பத் தொகை குறையும், அவ்வளவுதான். ஆகவே நடந்ததை உள்ளபடி சொல்லுங்கள். “எல்லாம் என் தவறுதான்” என்று பதற்றத்தில் யாரிடமும் சொல்லிவிடாதீர்கள், எழுதியும் கொடுத்துவிடாதீர்கள். எவ்வளவு யார் தவறு என்பதை முடிவு செய்யும் நிலையில் அந்த நேரத்தில் யாரும் இருப்பதில்லை.

உடம்பில் முன்பே இருந்த நோயைக் காட்டி மறுப்பதும் இதே வகைதான். எலும்பு பலவீனமானவரை இடித்துத் தள்ளிவிட்டு “வேறு ஒருவராக இருந்தால் முறிந்திருக்காது” என்று சொல்லித் தப்ப முடியாது. ஆங்கிலேயச் சட்ட மரபைப் பின்பற்றும் நாடுகளில் இது வெகுகாலமாக நிலைத்த கொள்கை.

எனக்கு நெருங்கிய ஒருவரின் கை வேலையிடத்து இயந்திரத்தில் சிக்கியது. முதலாளி தரப்பு அன்றே ஓடிவந்தது, மருத்துவமனைக் கட்டணத்தைக் கட்டியது, ஆறுதலாகப் பேசியது. கட்டுப் பிரிப்பதற்குள் ஒரு தாளும் வந்தது: “முழுமையாகவும் இறுதியாகவும் பெற்றுக்கொண்டேன், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை.” வலியிலும் நன்றியுணர்விலும் அவர் கையெழுத்துப் போட்டார். விரல்கள் இனி முழுதாக மடங்காது என்பது பிறகுதான் தெரிந்தது. அந்தத் தாளைக் காட்டியே எல்லாவற்றையும் முடித்துவிட்டார்கள். அன்பாகப் பேசியவர்கள் எல்லோரும் நடித்தார்கள் என்று நான் சொல்லவரவில்லை. காயம் எதுவரை போகும் என்று மருத்துவருக்கே தெரியாத நேரத்தில் அதற்கு விலை பேசி முடிப்பது அநியாயம் என்கிறேன். அவசரப்படுத்தும் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள். வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்துவிட்டுத் தருகிறேன் என்று சொல்லுங்கள். அதைக் கூட மறுத்தால், காரணத்தை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

ஆனால் ஆறப்போட்டாலும் உரிமை போய்விடும். எல்லா நாட்டிலும் காலக்கெடு உண்டு. இங்கிலாந்தில் உடற்காயத்துக்குப் பொதுவாக மூன்று ஆண்டுகள். ஆஸ்பெஸ்டாஸ் தூசியால் வரும் புற்றுநோய் போல, பல பத்தாண்டுகள் கழித்து வெளிப்படுபவற்றுக்கு, பாதிப்பு தெரியவந்த நாளிலிருந்து அந்தக் கணக்குத் தொடங்கும். சில இடங்களில் அரசு அமைப்புகள் மீது கோருவதற்குக் காலம் இதைவிடக் குறைவு. உங்கள் நாட்டில் எவ்வளவு என்பதை முதல் வாரத்திலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சாட்சிகளின் பெயரும் தொடர்பு எண்ணும், இடத்தின் படங்கள், எக்ஸ்ரே, ரசீது, போன சம்பளத்தின் கணக்கு, எல்லாம் ஒரே உறையில் இருக்கட்டும். தினமும் இரண்டு வரி எழுதிவையுங்கள்: இன்று என்ன செய்ய முடியவில்லை, எங்கே வலித்தது. மாதங்கள் கழித்து ஒருவர் நம்மைக் குறுக்கு விசாரணை செய்யும்போது நினைவு கைவிட்டுவிடும், தாள் கைவிடாது.

குற்ற வழக்கில் எதிராளி விடுதலையாகிவிட்டால் எல்லாம் முடிந்தது என்றும் பலர் நினைக்கிறார்கள். இரண்டும் வேறு வேறு. குற்றத்தை ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்கவேண்டும். இழப்பீட்டு வழக்கில் ‘இப்படி நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம்’ என்று காட்டினால் போதும். அமெரிக்கக் கால்பந்து வீரர் ஓ.ஜே. சிம்ப்சன், தன் முன்னாள் மனைவியும் அவருடைய நண்பரும் கொல்லப்பட்ட வழக்கில் 1995-இல் விடுவிக்கப்பட்டார். 1997-இல், இழப்பீடு கேட்டுத் தொடுக்கப்பட்ட உரிமையியல் வழக்கில் அவரே அந்த மரணங்களுக்குப் பொறுப்பு என்று தீர்ப்பாகி, 3 கோடியே 35 லட்சம் டாலர் தரவேண்டும் என்று ஆனது.

எதிரே நிற்பது அரசே என்றாலும் கேட்கலாம். ஒடிசாவில் 1987 டிசம்பரில் காவலர்கள் அழைத்துச் சென்ற 22 வயது இளைஞர் மறுநாள் ரயில் தண்டவாளத்தில் பிணமாகக் கிடந்தார். காவலிலிருந்து தப்பியோடி ரயிலில் அடிபட்டார் என்றது காவல் துறை. அவருடைய தாய் நீலாபதி பெஹரா உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். அந்தக் கடிதத்தையே நீதிமன்றம் மனுவாக ஏற்றது. காவலில் நேர்ந்த மரணம்தான் என்று கண்டு, அரசு அந்தத் தாய்க்கு ஒன்றரை லட்சம் ரூபாய் தரவேண்டும் என்று 1993-இல் தீர்ப்பளித்தது. மகனுக்கு அது விலையாகுமா என்று கேட்பவர்கள் இருக்கலாம். ஆகாது. ஆனால் ‘இது நாங்கள் செய்த தவறு’ என்று அரசு பதிவேட்டில் எழுதவைக்க அந்தத் தாயிடம் வேறு வழி என்ன இருந்தது?

வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லை என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பல நாடுகளில் இலவச சட்ட உதவி மையங்கள் இருக்கின்றன. தொழிற்சங்கங்களும் சட்டக் கல்லூரிகளும் கூட ஆலோசனை தருகின்றன. கிடைப்பதில் பங்கு என்று பேசும் வழக்கறிஞர் என்றால், முதலில் அது உங்கள் நாட்டில் சட்டப்படி செல்லுமா என்று விசாரியுங்கள். செல்லும் என்றால் எவ்வளவு பங்கு, தோற்றால் செலவு யாருடையது என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகே கோப்பைக் கொடுங்கள். மூலத் தாள்களை உங்களிடமே வைத்துக்கொண்டு நகல்களை மட்டும் கொடுங்கள்.