பக்கத்து மாநிலத்தில் விற்கிறதே, அதற்கு என்ன பதில்?

தாக்குதல் ரகத் துப்பாக்கிகளுக்கு (ராணுவத் துப்பாக்கி சாயலில், வேகமாக அடுத்தடுத்துச் சுடக்கூடியவை) நாடு முழுக்க மறுபடியும் தடை வேண்டும் என்று நம் கலிபோர்னியா சட்டமன்ற உறுப்பினர்கள் வாஷிங்டனைக் கேட்ட செய்தியைப் பகிர்ந்திருந்தேன். அதன் கீழே நடந்ததை எல்லோரும் பார்த்தீர்கள். "இங்கதான் ஏற்கெனவே தடை இருக்கே, அப்புறம் எதுக்கு இந்த நாடகம்?" என்று ஒருவர். "நம்ம ஊர் சட்டசபை டெல்லிக்குத் தீர்மானம் அனுப்புற மாதிரிதான்" என்று இன்னொருவர். அதற்கு வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். என் வீட்டுக்கு வந்து கை நனைத்தவர்களும் அந்த வரிசையில் இருந்தார்கள்.

இங்கே தடை இருப்பதால்தான் ஐயா கேட்கிறார்கள். இங்கே மட்டும் இருப்பதால் கேட்கிறார்கள்.

கில்ராய் எங்கே இருக்கிறது என்று பே ஏரியா தமிழர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பூண்டுத் திருவிழாவுக்கு நம்மில் பாதிப் பேர் போயிருக்கிறோம். பூண்டு ஐஸ்கிரீமை ஒரு வாய் வைத்துவிட்டு என் மகள் முகம் சுளித்த படம் இன்னும் என் போனில் இருக்கிறது. 2019 ஜூலை 28 அன்று அதே திருவிழாவில் 19 வயதுப் பையன் ஒருவன் வேலியை வெட்டிக்கொண்டு உள்ளே வந்து சுட்டான். ஒரு நிமிடத்துக்குள் போலீஸ் அவனை எதிர்கொண்டுவிட்டது. அதற்குள் மூன்று பேருக்கு உயிர் போகும் காயம் பட்டுவிட்டது. அதில் ஒரு குழந்தைக்கு ஆறு வயது. அந்தத் துப்பாக்கியை கலிபோர்னியாவில் எந்தக் கடையிலும் அவன் வாங்கியிருக்க முடியாது. நெவாடாவில், கடையில், சட்டப்படி வாங்கினான். வாங்கி மூன்று வாரம்கூட ஆகவில்லை.

நெவாடாவின் ரீனோ போய்விட்டுத் திரும்பும்போது, கலிபோர்னியா எல்லைப் பக்கம் ட்ரக்கியில் காரை நிறுத்துவார்கள், தெரியும்தானே? பழம், செடி ஏதாவது இருக்கிறதா என்று கேட்பார்கள். ஒருமுறை மாமியார் ஆசையாக வாங்கிய ஆரஞ்சுப் பையை அங்கேயே கொடுத்துவிட்டு வந்தோம். பூச்சி வரக்கூடாது என்பதற்கு எல்லையில் ஆள் போட முடிகிறது. டிக்கியில் என்ன துப்பாக்கி வருகிறது என்று ஒவ்வொரு காராகத் திறந்து பார்க்க எந்த மாநிலத்தாலும் முடியாது. மாநிலத்தால் முடியாததைத்தான் மாநில உறுப்பினர்கள் வாஷிங்டனிடம் கேட்கிறார்கள். இதில் நாடகம் எங்கே இருக்கிறது?

நடக்காததைக் கேட்கிறார்கள் என்பவர்களுக்கு: ஏற்கெனவே நடந்தது. 1994 செப்டம்பரில் அதிபர் கிளிண்டன் கையெழுத்துப் போட்ட இதே தடைச் சட்டம் பத்து வருடம் அமலில் இருந்தது. தேசியத் துப்பாக்கிச் சங்கத்தின் (NRA) உறுப்பினரான முன்னாள் அதிபர் ரீகனே, மற்ற முன்னாள் அதிபர்கள் ஃபோர்டோடும் கார்ட்டரோடும் சேர்ந்து, ஆதரித்து ஓட்டுப் போடுங்கள் என்று கடிதம் எழுதினார். 2004 செப்டம்பர் 13 அன்று அது காலாவதியானது. நீட்டிக்கவில்லை, அவ்வளவுதான். 2022இல் கீழவை 217க்கு 213 என்று மறுபடி நிறைவேற்றியது. மேலவையில் ஓட்டெடுப்புக்கே வரவில்லை.

"அந்தச் சட்டத்திலேயே ஆயிரம் ஓட்டை" என்று ஒரு தம்பி விவரமாக எழுதியிருந்தார். உண்மைதான். ஏற்கெனவே கையில் இருந்ததை வைத்துக்கொள்ள விட்டார்கள். கம்பெனிகள் வெளிப்புறத்தில் ஒன்றிரண்டை மாற்றி, வேறு பெயரில் விற்றன. சரி, ஓட்டையை அடையுங்கள் என்று கேளுங்களேன். கூரையையே பிரித்துவிடலாம் என்பது என்ன நியாயம்?

பெரும்பாலான கொலைகள் கைத்துப்பாக்கியால்தான் நடக்கின்றன என்பதையும் மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சட்டம் பத்துத் தோட்டாவுக்கு மேல் கொள்ளும் புதிய மேகசீன்களையும் (தோட்டா அடைக்கும் பெட்டி), கைத்துப்பாக்கிக்கானவை உட்பட, தடுத்தது. 2019இல் ஒஹாயோ மாநிலத்து டேடனில் ஒருவன் கூட்டத்தில் சுட்டபோது போலீஸ் பக்கத்திலேயே இருந்தது. சுமார் அரை நிமிடத்தில் அவனைச் சுட்டு வீழ்த்தியது. அந்த அரை நிமிடத்துக்குள் ஒன்பது பேர். அவன் வைத்திருந்தது 100 தோட்டா கொள்ளும் மேகசீன். இதற்குமேல் புள்ளிவிவரம் பேச எனக்கு மனதில்லை.

ஏனென்றால் என் மகள் முதல் வகுப்பு படிக்கிறாள். பள்ளியில் லாக்டவுன் பயிற்சி (துப்பாக்கியோடு யாராவது வந்தால் ஒளிந்துகொள்ளும் பயிற்சி) நடந்த அன்று ராத்திரி, தலை பின்னிக்கொண்டிருக்கும்போது கேட்டாள்: "அம்மா, அப்போ தும்மல் வந்தா என்ன பண்றது?" விளக்கை அணைத்து, கதவில் இருந்து தள்ளி, சுவரோரமாக எல்லோரும் ஒட்டி உட்கார வேண்டுமாம். மூச்சுச் சத்தம்கூடக் கேட்கக்கூடாதாம். பக்கத்தில் இருந்த பையனுக்கு சளியாம். அவனால் எல்லோரும் மாட்டிக்கொள்வோமோ என்று இவளுக்குப் பயம். ஆறு வயதில் கூடப் படிக்கிறவனின் சளியைப் பார்த்துப் பயப்படக் கற்றுக்கொண்டிருக்கிறாள். இதற்கும் ஒரு சிரிப்புப் பொம்மை போடுங்கள்.

"சிட்டிசன்கூட இல்லை, உங்களுக்கு எதுக்கு இந்த நாட்டு அரசியல்?" என்று எழுதினாரே ஒரு அண்ணன், அதுதான் அடிமனதில் தைத்தது. வரி கட்டும்போது யாரும் இதைக் கேட்கவில்லை. என் மகள் இங்கே பிறந்தவள். அவள் உட்காரும் வகுப்பறை இங்கே இருக்கிறது. கிரீன் கார்டு வரும்வரை தாயாக இருக்கவும் காத்திருக்க வேண்டுமா?

அண்ணனுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். கலிபோர்னியாவுக்கு இந்தத் தடையே எப்படி வந்தது தெரியுமா? 1989 ஜனவரியில், இதே மாநிலத்து ஸ்டாக்டனில் ஒரு ஆரம்பப் பள்ளி மைதானத்தில் ஐந்து குழந்தைகளைச் சுட்டுக் கொன்றான் ஒருவன். கம்போடியாவிலிருந்தும் வியட்நாமிலிருந்தும் அகதிகளாக வந்தவர்களின் குழந்தைகள். போரிலிருந்து உயிரோடு தப்பி வந்து, பிள்ளையைப் பள்ளிக்கூட மைதானத்தில் பறிகொடுத்த பெற்றோர்கள். அந்தத் துப்பாக்கியும் பக்கத்து ஓரிகானில்தான் வாங்கப்பட்டது. அந்த வருடமே இந்த மாநிலம் சட்டம் போட்டது. நாட்டிலேயே முதல் சட்டம். அந்த அம்மாக்களிடம் யாராவது பாஸ்போர்ட் கேட்டிருப்பார்களா அண்ணா?

எனக்கு ஓட்டு இல்லை. உங்களில் பலருக்கு இருக்கிறது. அதிலும் டெக்சாஸ், நெவாடா பக்கம் இருப்பவர்களின் ஓட்டுத்தான் இங்கே கணக்கு. 2022இல் டெக்சாஸின் யுவால்டேயில், ஒரு பள்ளியில் 19 குழந்தைகளையும் இரண்டு ஆசிரியைகளையும் கொன்றவன், 18 வயது முடிந்த சில நாட்களிலேயே டெக்சாஸ் கடையில் சட்டப்படி வாங்கினான். டாலஸில் இருக்கும் என் அக்கா சிட்டிசன். அவளுடைய செனட்டர் அலுவலகத்துக்குப் போன் போட்டு ஒரு வார்த்தை சொல் என்று கேட்டிருக்கிறேன். "பாக்கலாம்டீ" என்றாள். இன்று சாயங்காலம் மறுபடி கூப்பிடப் போகிறேன்.